பழைய லேப்டாப்புக்குப் புரியாத பூட்டு

ஹுஸ்னா அத்தா,

சுகர் டெஸ்ட்டுக்குப் பெரம்பலூர் போறேன். சோறும் மீன் ஆணமும் மூடி வச்சிருக்கேன். ஆணத்துல உப்பு கொஞ்சம் தூக்கல். அதுக்கும் உங்க தம்பியத் திட்டாதீங்க.

ஹுஸ்னா நம்ம பேரப்புள்ளைய இன்னிக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் துபாய்லேர்ந்து நெட்டுல காட்டுறாளாம். பக்கத்து வூட்டு வயர்லெஸ் பாஸ்வேர்டை நான் வாங்கிக் குடுத்து, நேத்து பூரா நீங்க அடிச்சும் வரலையேன்னு, உங்க தம்பி ஜைனுல்கிட்டயே கேட்டுட்டேன். நீங்க தப்பா அடிக்கலையாம். அவர் வூட்டு நெட்டு பெட்டியில போட்டிருக்கிற புதுப் பூட்டு நம்ம பழைய லேப்டாப்புக்குப் புரியாதாம். அங்க அதைப் பழைய மாதிரி மாத்திட்டு, இங்க வந்து இதுலயும் சரி பண்ணணுமாம்.

மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வரச் சொல்லிட்டேன். "அவன் கால் இந்த வூட்டுல படக் கூடாது"ன்னு நீங்க கத்துனது சுவத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கு. அப்படியும் வரேன்னாரு. ஸலாம் சொன்னா பதில் சொல்லுங்க. லேப்டாப்புல வயர்லெஸ் கார்டு பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கு, கோவத்துல இடிச்சு ஒடச்சுடாதீங்க.

பிளாஸ்க்குல தேத்தண்ணி இருக்கு. ரெண்டு கிளாஸ் கழுவி வச்சிருக்கேன்.

மைமூன்

சுகர் டெஸ்ட் போன வாரமே எடுத்தாச்சு. நான் வூட்டுல இருந்தா, "உன் கொழுந்தன்கிட்ட சொல்லு"ன்னு நீங்களும், "அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி"ன்னு அவரும் என்னை நடுவுல நிறுத்திடுவீங்க. பாகம் பிரிச்ச நாள்லேர்ந்து அந்த வேலையத்தான் பாக்குறேன். இன்னிக்கு அதுக்கு ஆள் இல்ல. நீங்களே பேசிக்குங்க.