யாழ்ப்பாணத்தில் அப்பா சொன்ன பொய்

மாத்தளை
15.09.2003

அன்பு மகன் தவசீலனுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் உயிரோடு வீடு வந்து சேர்ந்துவிட்டோம், நீயும் கனடாக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். எப்போதும் அப்பாதானே எழுதுவார், இந்தத் தடவை ஏன் அம்மா என்று யோசிப்பாய். அப்பாவின் வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இனி லொறி ஓட்ட முடியுமா என்று கேட்டால் டாக்டர் பிறகு பார்ப்போம் என்கிறார்.

சமாதானம் வந்துவிட்டது, ரோடு திறந்துவிட்டது, போய் நல்லூரையும் நூலகத்தையும் கோட்டையையும் பாருங்கள் என்று நீதான் ஆசைப்பட்டாய். போனோம். நல்லூரில் கண் குளிரக் கும்பிட்டேன். எரிந்த நூலகத்துக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள், வழியெல்லாம் கூரையில்லாத வீடுகள், சுவர் நிறையக் குண்டு துளைத்த ஓட்டை. கோட்டைக்குள் விடவில்லை. உன் அப்பாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, வாசலில் காவல் நின்ற ஆமிப் பையனோடு சிங்களத்தில் கதை கொடுத்தார். அவன் நம் மாத்தளைப் பக்கத்து லக்கலக்காரன், அப்பா மிளகு ஏற்றப் போகிற ஊர். யானை வயலில் இறங்கியதா, பஸ் ஓடுகிறதா என்று இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நம் ஊரில் ஆமியைக் கண்டால் முந்திக்கொண்டு சிங்களத்தில் பேசிவிட்டால் தப்பித்தோம், எண்பத்து மூன்று கலவரத்தில் அப்படித்தான் பிழைத்தோம். அங்கே அது தலைகீழ், ஆமியோடு சிரித்துப் பேசுகிறவன் காட்டிக்கொடுக்கிறவன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. லொட்ஜுக்குத் திரும்பும் ஒழுங்கையில் நாலு பையன்கள் மறித்தார்கள். "ஆமிக்காரனிட்ட என்ன சொன்னனீ?" என்று ஒருவன் கேட்டான். "ஊர்க் கததான் தம்பி பேசுனேன்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் செயின் முகத்தில் விழுந்தது. கீழே தள்ளி மிதித்தார்கள். தலையை மறைத்த கையை இழுத்துத் தரையில் வைத்துக் கல்லால் குத்தினார்கள், எலும்பு முறிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் காலில் விழுந்து கத்தினேன், என்னையும் உதைத்தார்கள்.

சத்தம் கேட்டு ஆமி ஓடி வந்தது. மூன்று பேர் ஓடிவிட்டார்கள், செயினால் அடித்தவன் மட்டும் அகப்பட்டான். லக்கலப் பையன் அவனைத் துவக்குப் பிடியால் அடித்து முழங்காலில் இருத்தி, நெற்றியில் துவக்கை வைத்து, இவனா மாமா, சொல்லுங்கள் மாமா என்று அழுதுகொண்டே கேட்டான். அவன் விரல் விசையில் இருந்தது. செயினால் அடித்தவன் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். அப்பா உடைந்த பல்லைத் துப்பிவிட்டு, இவன் இல்லை, இவன் விலக்கிவிட வந்தவன் என்று சிங்களத்தில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன், அப்பா இடது கையால் என் மணிக்கட்டை நெரித்தார். அவனை விட்டுவிட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "சொல்லியிருந்தா சுட்டிருப்பான் கமலா. ஒருத்தன் செத்துப் போவான், அந்த லக்கலப் புள்ள காலம்பூரா கொலகாரன்" என்றார். உன் அப்பா பெரிய மனசுக்காரர். எனக்கு அந்த மனசு இல்லை மகனே. மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினால் நான் விரலை நீட்டி இவன்தான் என்று சொல்வேன்.

உன் அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி மனஸ்தாபப்படாதே, எப்போதும் போல ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடு என்று அப்பா எழுதச் சொன்னார், அப்படியே செய். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. ஒரு குறையும் வராமல் அம்மன் உன்னைக் காப்பாள். நீ போன் எடுக்கும்போது பக்கத்தில் நின்று "அம்மா சுகமா இருக்கிறியளோ" என்று யாழ்ப்பாணப் பேச்சில் கேட்பானே ஒரு பிள்ளை, நல்ல பிள்ளைதான், கொஞ்ச நாளைக்கு அவனிடம் போனைக் கொடுக்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கமலாட்சி லெட்சுமணன்