நீலம் எல்லாம் துளை அல்ல

கால்கரி, மார்ச் 8, 1994

அன்பு மகள் ஸ்டெஃபாவுக்கு,

நானும் அம்மாவும் நலம், அபர்டீன் ஈரக்காற்றில் நீ இருமாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். ஞாயிறு போனில் கால் மணி நேரம் பனியைப் பற்றியே பேசினேனே, நான் சொல்ல வந்தது அது இல்லையம்மா, நீ அப்பாவை ஆசையாக "டாட்டோ" என்று கூப்பிட்டதும் பேச்சைப் பனிக்குத் திருப்பிவிட்டேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்கு நான் எண்ணிக் கொடுத்த துளை எண்ணிக்கை தப்பு.

நாலு கிலோமீட்டர் ஆழத்துச் சுண்ணாம்புப் பாறை, நானே மெல்லிசாகத் தேய்த்து நாற்பத்திரண்டு ஸ்லைடு செய்தது. துளை தெரியட்டும் என்று நீலப் பிசின் ஏற்றியிருந்தேன். துளையை அடைக்கிற சுண்ணாம்புப் படிகம், அந்த இரும்பு கலந்த கால்சைட்டைக் காட்டும் சாயமும் போட்டிருந்தேன், பாழாய்ப் போன அதுவும் நீலம். மைக்ராஸ்கோப்பில் இரண்டாவது வடிகட்டியைத் தள்ளினால் துளை கறுத்துப்போகும், கால்சைட் மினுங்கும், ஒரு நொடி வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறவன் அன்று செய்யவில்லை. போன வருஷ ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, சர்ச்சில் பாஸ்கா ரொட்டிக் கூடையை ஆசீர்வதிக்கும் நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் நீலத்தையெல்லாம் துளை என்று எண்ணித் தள்ளிவிட்டேன்.

எங்கள் ஆய்வகத் தெல்மா வேறு வேலைக்காக அதில் ஒரு ஸ்லைடை எடுத்து, இரண்டாவது வடிகட்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, என்ன மைரோன், உங்க ஓட்டையெல்லாம் பளபளன்னு மின்னுது, கல்யாணமா அதுக்கு என்று கேலி பண்ணினாள். நாற்பத்திரண்டையும் திரும்ப எண்ணினேன், துளை என்று நான் சொன்னதில் பாதிக்கு மேல் கால்சைட்டால் அடைபட்டுக் கிடக்கிறது. ஆழத்திலும் பாறை திறந்தே இருந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். நடந்தது வேறு. மேலே பாரம் ஏற ஏற பாறையின் சின்னச் சின்ன மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கரைந்து, அந்தச் சுண்ணாம்பு பக்கத்துத் துளையிலேயே படிந்திருக்கிறது, நம் கெட்டிலில் படிகிற மாதிரி. அங்கே வெந்நீரில் ஆக்சிஜன் கிடையாது, இரும்பும் கரைந்து நின்று கூடவே படிந்துவிட்டது.

இருபத்து நாலாம் தேதி உன் வாய்மொழித் தேர்வு. அது முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், பிள்ளை உடைஞ்சு போயிடுவா என்றாள் அம்மா. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. வெட்கத்தில் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால நிமிர்ந்து நின்னு பொய் சொல்லப் போறா நம்ம பொண்ணு, அதுவும் உங்க பொய், அது பொய்யின்னே தெரியாம என்றாள்.

புது எண்ணிக்கையும், தப்பு என்னுடையது என்று கையெழுத்திட்ட கடிதமும் உள்ளே இருக்கின்றன. வந்த அன்றே உன் பேராசிரியரிடம் கொடு. தேர்வு தள்ளிப்போகும், ஒரு வருஷம்கூட ஆகலாம், உன்னை அழவைக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். திட்டு, போனில் கத்து, ஆனால் சாப்பிடாமல் இருக்காதே. இனி யார் எண்ணிக் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், நீயே ஒரு தடவை பார்.

கடவுள் உன் பக்கம் நிற்கட்டும். இதைத் தபாலில் சேர்க்க அம்மாதான் போகிறாள். என்னிடம் கொடுத்தால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

உன் டாட்டோ,
மைரோன்