சிறுநீரகத்துக்கு மேலே ஒரு வெளிச்சம்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு, மணிவண்ணன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா ராத்திரியில் தூங்குகிறதா? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் லீவில் வரும் நண்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போட்டில் ஏறினால் எனக்கு நெஞ்சு படபடத்து, முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டுமே. "கடலப் பாத்து நடுங்குறவன் என் வீட்லயா பொறக்கணும்?" என்பீர்கள். நானும் அதைக் கடல் பயம் என்று நம்பித்தான் இங்கே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தேன். ஆனால் தரையிலும் அது என்னை விடவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றி, மறுநாள் ஒரு பெரிய கேமராவுக்குக் கீழே படுக்கவைத்தார்கள். வலியே இல்லை, நான் தூங்கிவிட்டேன். படத்தில், இடது சிறுநீரகத்துக்கு மேலே, இருட்டுக் கடலில் போட் விளக்கு மாதிரி ஒரு புள்ளி எரிந்தது. அங்குள்ள சுரப்பியில் சின்னக் கட்டியாம். நர்ஸ் பாபநாசத்துப் பெண். "நீங்க பயந்தாங்கொள்ளி இல்லண்ணே. அந்தக் கட்டிதான் ரத்தத்துல பயத்தக் கலந்து விட்டிருக்கு" என்றாள்.

அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை ஆபரேஷன். அதுவரை மாத்திரையோடு, பிரஷர் ரொம்ப இறங்கிவிடாமல் இருக்க உப்பும் நிறையச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள்.

நண்பனுக்கு வண்டி வந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அந்தப் படபடப்பு வரவே இல்லை, அப்பா. ஆனாலும் பயமாக இருக்கிறது. இது கட்டி கொடுத்த பயம் இல்லை. அந்த வியாழக்கிழமை மட்டும் கடலுக்குப் போகாமல், போன் எடுக்கிற இடத்தில், கரையில் இருங்கள்.

உங்கள் மகன்
மணிவண்ணன்