ஜெயித்தவருக்கு ஒரு பாட்டு

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வராது என்று தெரிந்தும் எழுத எனக்கு வெட்கமில்லை. நான் உன் அக்கா.

இந்த மாதக் கடைசியில் உன் அத்தான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெறுகிறார். விழாவில் மாணவர்கள் சேர்ந்து பாட, இங்கிலீஷில் ‘ஓட்’ என்கிறார்களே, அந்த மாதிரிப் புகழ்பாட்டு ஒன்று வேண்டுமாம். வெறும் வாழ்த்துப் பாட்டு போதாது, அந்த வடிவம் தெரிந்தவர் எழுத வேண்டும் என்கிறார்கள். உன்னைக் கேட்கலாம் என்பது அவர் யோசனை. எழுதித் தருவாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன்.

பழைய கிரேக்கர்கள் பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு ஓட் பாடினார்கள். குழு ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு பகுதி, திரும்பி வந்து ஒரு பகுதி, நின்றபடி ஒரு பகுதி. ஆனால் அதைத் தோற்றவனிடமே எழுதி வாங்கியதாக நான் எங்கும் படித்ததில்லை. துறைத் தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டியது என்று கல்லூரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அதில் உட்கார்ந்த உன் வீட்டுக்காரர், “மனசுல வச்சுக்காதப்பா, மேல உள்ளவங்க முடிவு” என்று என் தோளைத் தட்டினார். வேறு கல்லூரிக்கே வந்துவிட்டேன். தோள் இன்னும் வலிக்கிறது.

பின்னால் வந்த கவிஞர்கள் விவரமானவர்கள். நிலவையும் காற்றையும் கூப்பிட்டுப் பாடினார்கள். எவ்வளவு புகழ்ந்தாலும் அவை குறுக்கே பேசாது. உன் வீட்டுக்காரர் முதல் வரி முடிவதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு திருத்தம் சொல்வார். அவருக்கு இந்த வடிவம் ஒத்துவராது.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

இனி ஒத்துவரும். போன வருடக் கடைசியில், தொண்டையில் புற்றுநோய் என்று அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சுதான் போய்விட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று தடுத்தது அவர்தான். பாவம் பார்த்து எழுதிவிடுவாயாம்.

உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். தோள் வலி பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சத்தமில்லாமல் சிரிக்கிற மனிதரைப் பார்த்திருக்கிறாயா? நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பாட்டு வராவிட்டால் போகிறது.

அக்கா

மார்ச் 23

அன்புள்ள அக்கா,

இதை அத்தானிடம் கொடு.

அத்தான், உங்களுக்காக உட்கார்ந்தேன். இரண்டு பகுதி வந்தது. நன்றாகவே வந்தது, அதுதான் கோளாறு. நீங்கள் குறுக்கே பேச மாட்டீர்கள் என்ற தைரியத்தில் வண்டி வண்டியாகப் புகழ்ந்திருந்தேன். படித்துப் பார்த்தால் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். மாணவர்களுக்கு வேறு யாராவது எழுதட்டும்.

நாற்காலி விஷயத்தில் நீங்கள் செய்தது தப்பு. இன்றும் அப்படித்தான் சொல்வேன். நேரில் கேட்க நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பெரிய பலகையாகப் பார்த்து எடுத்து வையுங்கள். நான் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதிப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிதானமாக எழுதுங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன்.

உங்கள் மைத்துனன்