டிக்கிக்குள் இருந்த கறுப்பு ஒயர்

அன்பு மாப்ள தேவராஜ்,

நீ கர்த்தரிடம் போய் எட்டு மாதமாகிறது. உன் ஹைப்ரிட் கார் இப்போது ஊரப்பாக்கத்தில், உன் மகள் ஸ்டெல்லா வீட்டு வாசலில் நிற்கிறது. தினமும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. நல்ல சேதிதான். ஆனால் உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கல்பாக்கத்தில் உன் ஆபீஸ் அதிகாரி ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டி. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். ஏழெட்டு வருஷப் பழசானாலும், ஸ்டோர் கிளார்க்கான நீ அதை வாங்கியபோது நம் சொந்தத்தில் அதுதான் முதல் கார். நம் அப்பன்மார் அடுத்தவன் வயலில் நாற்று பிடுங்கியவர்கள். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. "இது மாதிரி நூறு வண்டிய பிரிச்சு மேஞ்சவன் நான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை மாப்ள. வேன் ஓட்டிய கை, எட்டாவது படிப்பு. ஊருக்குப் பத்தாவது என்று சொல்லிவைத்திருந்தேன்.

மூன்றாம் மாதமே மக்கர். சில நாள் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். சில நாள் டாஷ்போர்டு விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துபோகும். நீ போன் போடுவாய். "மச்சான், மறுபடியும் படுத்துகினு கீது. நீ வந்தாத்தான் எழுந்துக்கும்."

ஒருநாள் ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்தேன். ஓரத்தில் சின்ன பேட்டரி ஒன்று இருந்தது. வண்டியை எழுப்புவது அதுதான். அதன் கறுப்பு ஒயரை பாடியோடு பிடித்திருந்த போல்ட், கடல் காற்றில் துருவேறிக் கிடந்தது. ஒயரை அழுத்தித் திருகியதும் முன்னால் விளக்கு பளிச்சென்று வந்தது. நோய் அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பத்து நிமிட வேலை.

நான் இறுக்கவில்லை. இறுக்கியிருந்தால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

அதன்பிறகு நான் செய்ததுதான் உனக்குத் தெரியுமே. தெரிந்தது பாதி. "டிக்கி பக்கம் யாரும் வராதீங்க, கரண்டு தூக்கி அடிச்சுடும். எல்லாரும் பானட் மேல கைய வச்சு, கண்ண மூடி ஜெபம் பண்ணுங்க" என்பேன். நீங்கள் கண்ணை மூடியதும் பின்னால் போய் ஒயரைத் திருகிவிட்டு வந்து ஆமென் சொல்வேன். வண்டி கிளம்பும். பத்து நாள் தாங்கும்.

"எங்கண்ணன் மெக்கானிக்கா, ஊழியக்காரனா?" என்று என் தங்கச்சி மேரி உன்னிடம் கிண்டலடிப்பாள். நீ மட்டும் சிரிக்காமல், "அவரு கையில ஒரு வரம் கீது மேரி" என்பாய்.

சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த ஸ்டெல்லாவின் பட்டமளிப்பு விழா அன்று காலையில், நீயும் மேரியும் அங்கே போகும் வழியில் மாமல்லபுரத்தில் டீ குடிக்க நிறுத்திய வண்டி மறுபடி எழவில்லை. நான் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். நீ போன் செய்தாய். 'டிக்கியத் தொற, கறுப்பு ஒயர அழுத்து.' ஒரு வரி போதும். பக்கத்து இலைக்காரரிடம் அந்த வண்டியைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தேன். அவர் காதுபட அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. "ஜெபம் பண்ணிகினே இரு மாப்ள, தோ வந்துடறேன்" என்றேன்.

போனில் மேரி குரல் கேட்டது. "பஸ்ஸுல பூடலாங்க, டைம் ஆவுது."

"இரு மேரி. மச்சான் வரேன்னு சொல்லிகீறாரு."

இரண்டு பஸ் மாறி நான் வந்து சேர்ந்தபோது மதியம். நீ வெயிலில், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், பானட் மேல் கை வைத்தபடி நின்றிருந்தாய். அந்நேரம் ஸ்டெல்லா மேடையேறி இறங்கியிருந்தாள். கூட்டத்தில் உன் முகத்தைத் தேடியிருப்பாளோ? அதை அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

சாயங்காலம் நீ அவளிடம் சொன்னாய்: "வண்டி சரியில்லம்மா. மாமா பாவம், சாப்பாட்ட பாதில விட்டுட்டு ஓடியாந்தாரு."

போன வாரம் அந்த போல்ட்டைத் தேய்த்து இறுக்கிவிட்டேன். "மாமா கை பட்டாப் போதும்" என்று உன் மகள் எனக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டாள். எப்படி விழுங்கினேன் என்று நீதான் கேட்கவேண்டும்.

இந்தக் கடிதம் நம் சபைப் பத்திரிகையில் வரும். அதற்கு முன்னால், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரப்பாக்கம் போய் ஸ்டெல்லாவிடம் நேரில் சொல்லிவிடுவேன். கூட்டாமல், குறைக்காமல். வாசலோடு திருப்பி அனுப்பினாலும், சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன் மாப்ள.

இப்படிக்கு,
வெயிலில் நீ காத்திருந்த மச்சான்,
லாசர்