பெரிய எழுத்துச் செய்தி

திருப்புலி நாடு,
கொல்லிமலை.

சத்தீஸ்கர் பாறைகளையெல்லாம் துளைத்துப் பாதாள லோகத்தையே தூங்கவிடாமல் அடிக்கும் போர்வெல் லாரி வீரன், என் தங்கை பெற்ற மாப்பிள்ளை பூபதிக்கு அர்த்தனாரி மாமன் எழுதுவது. இங்கே மிளகுக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. மரவள்ளிக்குத்தான் விலை இல்லை. நான் வழக்கம்போல் அழகாக இருக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, பொறு.

உன் மாமன் ஒரு சர்வகலாசாலை நடத்துவது உனக்குத் தெரியும். டீக்கடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், சேந்தமங்கலம் பஸ்ஸில் வரும் பேப்பரை வைத்துப் பெண்களுக்குப் படிக்கச் சொல்லித் தருகிறேன். மரவள்ளி உரித்துக்கொண்டே படிக்கும் கல்லூரி மூவுலகிலும் இது ஒன்றுதான். படத்தைப் பார், கீழே இருக்கும் பெயரைப் படி, தலைப்பைப் படி. இதுதான் என் முறை. சின்ன எழுத்து வக்கீல்களுக்கும் எறும்புகளுக்கும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குப்பாயி தங்கம் விலையைப் படித்துவிட்டு, அரசாங்கத்தையே திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

உன் அம்மா சென்னம்மாள்தான் முதல் மாணவி. அவளுக்குப் பிடித்தது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். பெரிய படம், பெரிய பெயர், படிக்கச் சுலபம். போன மாதம் ஒரு நாள் எழுத்துக் கூட்டி, "பூ... ப... தி" என்று படித்தாள். மேலே இருந்த படத்தில் உன் மீசை, உன் நெற்றி, உன் சிரிப்பு.

நான் பேப்பரைப் பிடுங்கிச் சின்ன எழுத்தைப் படித்துக் காட்டினேன். வேறு ஊர், வேறு தகப்பன் பெயர். "அது வேற பூபதி, பைத்தியக்காரி" என்றேன். அவள் அழவில்லை. "பெரிய எழுத்தைத்தான் நம்போணும்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க" என்றாள்.

அன்று மாலையே நீ போன் செய்தாய். தீர்ந்தது என்று நினைத்தேன். "அங்க இருட்டா இருக்குதா கண்ணு?" என்று உன் அம்மா கேட்டாள். கரண்ட் இல்லை என்றாயாம். வேலை எப்படி என்றதற்கு, "அறுநூறு அடி போயாச்சும்மா, புழுதிதான் வருது, தண்ணியே இல்ல" என்றாயாம். அடப்பாவி, வேறு சாட்சி வேண்டுமா? அவள் ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைத்தாள். காலையில் சொம்பு காலி. நாய் குடித்திருக்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உன்னிடம் சொல்லி ஒரு போட்டோ அனுப்ப வைக்கிறேன் என்றேன். "படந்தான் பேப்பர்லயே வந்துடுச்சுங்களே" என்கிறாள்.

செத்தவனிடம் அவன் செத்ததைச் சொல்லக் கூடாதாம், தவித்துப்போவானாம். அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் ஊரே தேனாகப் பேசுகிறது. யோசித்துப் பார். இந்த ஒரு மாதத்தில் யாராவது உன்னை ஊருக்கு வா என்று கூப்பிட்டார்களா? எப்போது லீவு என்று கேட்டார்களா?

வருகிற அமாவாசைக்குக் காரியம் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு உன் போனை எடுக்க மாட்டாள். எடுத்தால் நீ போகாமல் இங்கேயே சுற்றுவாயாம்.

போன வாரம் போனை என் கையில் கொடுத்தாள். பேய்க்கே கதை சொல்லித் தூங்கவைத்தவன் நான். நீ "மாமா, மாமா" என்கிறாய். பின்னால் மிஷின் சத்தம். "ஊருக்கு வாடா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "சாப்புட்டியா சாமி" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் பேப்பர் என் பெட்டியில்தான் இருக்கிறது. சின்ன எழுத்தை இன்னொரு தடவை எடுத்துப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

மாப்பிள்ளை, உனக்கு ஆயுசு கெட்டி, நூறு வயது இருப்பாய். இதைக் கண்டதும் கிளம்பு. வெயில் இருக்கும்போதே பஸ்ஸை விட்டு இறங்கு. வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடாதே, அவள் திரும்ப மாட்டாள். நேராக உள்ளே போய் அவள் கையைப் பிடி. சூடு தெரியட்டும்.

வழியில்தானே என் ஊடு. அதற்கு முன்னால் என் கையையும் ஒரு தடவை பிடித்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் மாமன்
அர்த்தனாரி