கறுப்புக்கு மேல் கறுப்பு ஏது, மாமா?

அன்பு மாமா, மகளையும் மருந்துக்கடையையும் சேர்த்தே என் தலையில் கட்டிவிட்டு மேலே போய்ச் சேர்ந்தவரே,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் இருமல் மருந்துக்கு வரிசையில் நின்றேன். நம் கடையில் இருமல் மருந்து பீப்பாய் நிறைய இருக்கிறது. அதைக் கலக்குகிறவன் அதை நம்பிக் குடிப்பானா?

கம்பளி தலையை மறைத்தது, தொந்தியை மறைக்கவில்லை. குழந்தையின் கண்வலிக்காக வந்திருந்த மதலேன் கண்டுகொண்டாள். சுரங்கத்தின் அடி லெவலில் பாறை குடைகிற நம் சூசையின் பெண்சாதி.

"இன்னா ஷாப்புக்காரரே, உங்க கடையில மருந்து தீந்துபூடுச்சா?"

வரிசையே சிரித்தது. அவள் மட்டும் குரலைத் தணித்தாள். "எங்க வூட்டுக்காரரு உங்க கறுப்புத் தண்ணியவே நம்பிக்கினு கீறாரு. நேத்து ரத்தமா துப்புனாரு. ஆஸ்பத்திரிக்கு வான்னா, மேல தரையில வேல செய்ற மேலாளு மருந்து எனக்கு எதுக்குன்றாரு. நீங்க சொன்னாதான் கேப்பாரு."

இந்த வினையை விதைத்தது யார், மாமா? கடை உங்களோடு பிறந்ததல்ல. தகரக் கொட்டகையில் அதைத் தொடங்கிய வெள்ளைக்காரர், சரக்கில் பாதியைத் தானே குடித்துத் தீர்த்துவிட்டுக் கப்பலேறினார். குடியாத்தத்திலிருந்து வந்து மீதிப் பாதியை வாங்கியவர் நீங்கள். ஒருநாள் ஒருவன் வந்து மேசையைத் தட்டினானாம்: "மேல கல்லு ஒடைக்கிறவனுக்கும், கேஜுக் கூண்டுல எறங்கிக் கீழ சாவறவனுக்கும் ஒரே மருந்தா?"

"உனக்கு வேற கீது, இரு" என்றீர்கள். உள்ளே போய், அதே அதிமதுரக் கஷாயத்தில் கருக்கிய வெல்லத்தைக் கரைத்துக் கொண்டுவந்தீர்கள். அன்றிலிருந்து லெவல் இறங்க இறங்க மருந்து கறுத்தது. தைரியம்தான்டா பாதி மருந்து என்பீர்கள். மீதிப் பாதி எங்கே என்று நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை கேட்கலாமா?

ஆனால் சுரங்கம் நிற்பதாக இல்லையே. வருஷா வருஷம் ஷாப்ட் குழி இன்னும் ஆழமாக இறங்குகிறது. டீ நிறம் போய்க் காப்பி நிறம் வந்தது, அதுவும் போய்க் தார் நிறம் வந்துவிட்டது. இன்னும் கீழே போகிறவன் இன்னும் கறுப்பாகக் கேட்கிறான். கறுப்புக்கு மேல் கறுப்புக்கு நான் எங்கே போவேன்? அலுத்துவிட்டது, மாமா.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இப்போது குழாயில் வருகிறது. மின்சார விளக்கும் வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் பொய் சொல்வது சிரமமாக இருக்கிறது. உங்கள் மகளோ, "அப்பா பேரைக் கெடுத்தீங்கன்னா சோறு கெடையாது" என்கிறாள்.

சனிக்கிழமை சூசை காலிப் புட்டியோடு வந்தார். சொல்லிவிட்டேன். "எல்லாம் ஒரே பீப்பாதான், சூசை. கலருதான் வேற. இதுக்கு ரத்தம் நிக்காது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அடி விழும் என்று பின்கதவை ஒரு கண்ணால் பார்த்து வைத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. காலிப் புட்டியை மேசைமேல் வைத்தார்.

"அப்ப பெரியவரு என்னெ மேலாளுன்னேதான் நெனச்சிக்கினு இருந்தாரா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

புட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு மதலேனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். படுக்கை கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இருமுவது வராந்தா வரை கேட்கிறது. நான் வராந்தாவைத் தாண்டி உள்ளே போகவில்லை.

ஒன்று உறுதி, மாமா. இனி வெல்லம் கருக்க மாட்டேன். மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் ஒரே நிறம்தான். ரத்தம் துப்புகிறவனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரியில் விடுவேன். கடை படுத்தால் படுக்கட்டும், நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டு, இன்றைக்குச் சோறு உண்டா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் ஒரே மருமகன்.

சொல்ல மறந்தேன்: இன்று காலை மதலேன் கடைக்கு வந்தாள். அவளுக்கும் இருமலாம். தைரியத்துக்குக் கறுப்புதான் வேண்டும் என்றாள், வெல்லம் கருக்கிக் கொடுத்தேன்.